விருந்தினர் அமர்வு

அந்தப் பையை மேல வெக்காதீங்க. மடியிலயே வெச்சுக்குங்க. லேப்டாப்புதானுங்களே உள்ள? பாத்தாலே தெரியுதுங்க, தட்டையா இருக்குது, ஓரத்துல வயரு துருத்திக்கிட்டு நிக்குது. மேல வெச்சீங்கன்னா காரணம்பேட்டைப் பக்கம் இந்த டிரைவரு பிரேக்கு போடற போடுல சரக்குனு கீழ வந்துரும். என்ற தலையில உழுந்தாக்கூடப் பரவால்லீங்க. அதுக்குள்ள இருக்கறதுக்கு ஆகாது. உள்ள என்னென்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க, பாத்திருக்கறேன்.

அதைப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தனுங்க. பொறத்தால அத்தனை சீட்டு காலியாக் கெடக்குது, இந்த ஆளு எதுக்கு இங்க வந்து ஒண்டறான்னு நெனைச்சிருப்பீங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும். கேக்கறதுக்கு முன்னால சித்தே வெவரம் சொல்லோணும், இல்லீன்னா என்னைக் கிறுக்கன்னு நெனைச்சுப்போடுவீங்க. சிங்காநல்லூருலதானுங்களே நீங்க எறங்கறீங்க? நானும் அங்கதான். எறங்கறதுக்குள்ள சொல்லிப்போடறேன்.

என்ற பேரு மயில்சாமிங்க. பல்லடத்துக்குத் தெக்க நமக்குத் தறிப் பட்டறை. சொந்தமா ஓட்டறேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, நான் பயந்தாங்கொள்ளி இல்லீங்க. ஓடற தறிக்குள்ள கையை உட்டு அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடற ஆளு. ஒருக்கா தறியில குறுக்க ஓடற நாடா தெறிச்சு வந்து இந்தப் புருவத்துல அடிச்சுது, தழும்பு தெரியுதுங்களா? தையல் போட்டுக்கிட்டு வந்து அன்னைக்கே தறியில நின்னேன். எங்க வளவுல பாம்பு வந்தா என்னையத்தான் கூப்புடுவாங்க. அப்பேர்ப்பட்டவன் இப்பக் கொஞ்ச நாளா பயந்துக்கிட்டுத் திரியறேன். எதைப் பாத்துன்னு கேட்டா சிரிப்பீங்க. ஸ்க்ரூ கழட்டற ஒரு திருப்புளிங்க. இத்தனூண்டு, பென்சிலாட்ட இருக்கும், முனை நட்சத்திரம் மாதிரி இருக்கும். அது என்ற சம்சாரத்துக் கையில இருக்குது.

சம்சாரம் பேரு கோகிலவாணிங்க. வாணின்னு கூப்புடுவோம். கம்ப்யூட்டர் படிச்சவ. அவ காலேசு கடைசி வருசத்துல இருக்கும்போது கவர்மெண்டுல இனாமா லேப்டாப்பு குடுத்தாங்கல்ல, அதுல ஒண்ணு அவளுக்கும் வந்துச்சு. கல்யாணமாயி வரும்போது அதையும் கொண்டுக்கிட்டு வந்தா. ஒரு துண்டுல சுத்தி பீரோ மேல வெச்சா. வெச்சது வெச்சதுதான், எங்க பாப்பா பொறந்து பள்ளிக்கூடம் போயி நாலாவது வந்தும் அங்கயேதான் கெடந்துச்சு.

தொடாதேன்னு நான் சொன்னதே கெடையாதுங்க. வேலைக்குப் போகாதேன்னும் சொன்னதில்லை. ஆரு வேணுன்னாலும் வந்து அவளையே கேட்டுப் பாக்கட்டும். கல்யாணமான புதுசுல ஒரு நாளு, கோயமுத்தூருல ஒரு கம்பெனியில ஆளெடுக்கறாங்க மாமான்னு சொன்னா. வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லோணுமே. சோறு மட்டும் திங்காம இருந்தேன், ரெண்டு நாளைக்கு. அவளே புரிஞ்சுக்கிட்டு உட்டுட்டா. அத்தனை நல்ல புள்ளைங்க. அவளும் வாயைத் தொறந்து கேக்க மாட்டா, நானும் வாயைத் தொறந்து தடுக்க மாட்டேன். எங்களுக்குள்ள சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்லீங்க.

வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில உட்டுக்கிட்டவன் நாந்தான். பட்டறைக்குப் பில்லு போட்டுக்கிட்டு இருந்த பையன் சொல்லாம கொள்ளாம வேலையை உட்டு நின்னுட்டான். நான் சும்மா இருந்திருக்கலாம். "வாணி, பீரோ மேல கெடக்குதே அந்தப் பொட்டி, அதுல நீயே பில்லு போட்டுக் குடுத்துரு"ன்னு என்ற வாயாலயே சொன்னேன். அவ நாற்காலி போட்டு ஏறி எடுத்தா. துண்டை உரிச்சா. அப்ப அவ மொகத்தைப் பாத்தேன். அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கோணும்.

மொதல்ல அது பரவால்லீங்க. ஆன் பண்ணுனா ஒரு வட்டம் சுத்தும். சுத்தும், சுத்தும், சுத்திக்கிட்டே கெடக்கும். இவ பட்டனை அமுக்கிப்போட்டு அடுப்புல பருப்பு வெச்சு, வெந்து, எறக்கிக் கடைஞ்சு தாளிச்சுக் கொட்டிட்டு வந்தா அப்பத்தான் வட்டம் நின்னிருக்கும். ஒரு பில்லைத் தொறந்தா கொர்ருனு இரையும். தொட்டா சுடும். எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சுங்க, மெய்யாலுமே. நம்ம ஊட்டுக்கு ஏத்த பொருளு. அந்த வட்டம் சுத்தற நேரத்துல அவ சும்மா உக்காந்திருப்பா. என்ற பக்கம் திரும்பி, "மாமா, அந்தக் கடைசித் தறிக்குப் பாவு நூலு மாத்தியாச்சுங்களா"ன்னு ஏதாவது கேப்பா. பதில் சொல்லுவேன். அப்படியெல்லாம் உக்காந்து பேசி வருசமாச்சுங்க.

அப்பறம் ஒரு நாளு சொல்றா, "மாமா, இது சாகலை. மூச்சு வாங்குது, அவ்வளவுதான். சரி பண்ணிரலாம்." சரின்னு தலையாட்டுனேன். ஏதோ தொடைச்சு வெக்கப் போறான்னு நெனைச்சேன்.

அடுத்த நாளு தறிக்கு எண்ணெய் உட்டுப்போட்டு சாப்பாட்டுக்கு வர்றேன், என்ற ஊட்டு நடுக்கூடத்துல அது மல்லாந்து கெடக்குதுங்க. அடி மூடியைக் கழட்டி அக்கட்ட வெச்சிருக்கறா. ஸ்க்ரூவெல்லாம் எங்க இருக்குதுன்னு பாத்தா, பணியாரக் கல்லுல. குழிக்கு ஒண்ணு. எந்தக் குழியில எதுன்னு அவளுக்குத் தெரியுமாம். செல்போனுல எவனோ ஒருத்தன் இந்தியில பேசிக்கிட்டே கழட்டிக் காட்டறான், இவ அதைப் பாத்துக்கிட்டே கழட்டறா. கரண்டுல ஓடற பொருளுங்க. நாங்கெல்லாம் மோட்டாரு புகைஞ்சாலே மெக்கானிக்கைக் கூப்புடற ஆளுங்க.

அதுவும் அவ தொடறதைப் பாக்கோணும். ஒவ்வொருக்காத் தொடறதுக்கு முன்னாலயும் எந்திரிச்சுப் போயி ஜன்னல் கம்பியைத் தொடறா. தொட்டுட்டு வந்து இதைத் தொடறா. மறுபடி போறா, கம்பியைத் தொடறா, வர்றா. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. ஏதோ மந்திரம் பண்றாளா, தொட்டுக் கும்புடறாளா? கேட்டா, "ஒடம்புல கரண்டு இருக்குது மாமா, கம்பியைத் தொட்டா எறங்கிரும். இல்லீன்னா கை பட்டே இது கெட்டுப்போகும்"ங்கறா. நான் என்ற ரெண்டு கையையும் பாத்துக்கிட்டேன். இத்தனை வருசமா இந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான் அந்த ஊட்டுல எல்லாத்தையும் தொட்டுக்கிட்டு இருந்திருக்கறேன்.

உள்ள ஒரு சின்னக் காத்தாடிங்க. அதுல பஞ்சு, தூசி, எங்க பட்டறைப் பஞ்சுதான், அடைஅடையா. பாப்பா பெயிண்டு அடிக்கற பிரசுல நீவி நீவி எடுத்தா. இத்தனை பஞ்சு வந்துச்சுங்க. "எப்படி மாமா இது இத்தனை நாளா மூச்சு உட்டுச்சு"ன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? அது என்ற பட்டறைப் பஞ்சு, அது ஊட்டுக்குள்ள பறக்கத்தான் செய்யும். என்னைச் சொன்ன மாதிரி எனக்கு ஒரு இது.

அப்பறம் மூடியைப் போட்டு ஆன் பண்ணி, எதையோ பட்டியல் போட்ட மாதிரி தொறந்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா நிறுத்துறா. என்னடீன்னேன். "நாம கேக்காமயே இதெல்லாம் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்குது மாமா. இதுங்கதான் இதோட பலத்தைத் தின்னுட்டு இருந்துச்சு. எல்லாத்தையும் நிறுத்திட்டேன்"னு சொன்னா. சரி, மிஷினு சமாச்சாரம், நமக்கென்ன. ஆனாப் பாருங்க, அதே வாரத்துல இருந்து எனக்குச் சட்டை தேய்ச்சு வெக்கறது நின்னுபோச்சு. எங்கம்மாகூட உக்காந்து சீரியல் பாக்கறது நின்னுபோச்சு. சூலூருல என்ற அக்கா ஊட்டுக்கு வாரா வாரம் போயி மாவாட்டிக் குடுத்துட்டு வருவா, அதுவும் நின்னுபோச்சு. ஆரும் சண்டை போடலை. அது பாட்டுக்கு நின்னுபோச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்மந்தம்னு எனக்குப் புரியலை, ஆனா பயமா இருந்துச்சுங்க.

அதோட உடுவான்னு பாத்தா, கொரியர்காரன் வர ஆரம்பிச்சுட்டான். பக்கத்து ஊட்டுப் புள்ளைகளுக்கு டியூசன் எடுத்து அவளே சேத்து வெச்சிருந்த காசு, அதுல வாங்குறா, அதனால நான் ஒண்ணும் கேக்க முடியாது. மொதல்ல வந்தது ரேமு. சூயிங்கம் பட்டை நீளத்துக்கு ஒரு பச்சைத் தகடு, கீழ தங்கக் கலருல பல்லு பல்லா இருக்குது. அடியில ஒரு சின்னக் கதவு, அதுக்கு ஒரே ஸ்க்ரூ. அதைத் தொறந்து மாட்டுறா. மாட்டும்போது என்னைக் கூப்புட்டுக் காட்டுனா. "இங்க பாருங்க மாமா, ரெண்டு பக்கமும் காது மாதிரி இருக்குதா? அதை விலக்கி உட்டா படக்குனு எந்திரிச்சுக்கும். சாய்ச்சு வெச்சு அமுக்கினா படுத்துக்கும்." எத்தனை சந்தோசமாச் சொன்னா தெரியுங்களா? நான் ஆசைப்பட்டுப் பாக்கறேன்னு நெனைச்சுக்கிட்டா. நான் பயந்துக்கிட்டுப் பாத்தேன். எதுக்கும் தெரிஞ்சு வெச்சுக்குவோம்னு பாத்தேன்.

அப்பறம் வந்ததுதானுங்க பெருசு. பழைய டிஸ்கைக் கழட்டிப்போட்டு புது மாதிரி ஒண்ணைப் போட்டா. எஸ்எஸ்டியாமா. பழசு கையில எடுத்தா செங்கல்லாட்ட கனக்கும். புதுசு வெத்தலை மாதிரி இருக்குது. அதுக்குள்ள ஓடறது, சுத்தறது ஒண்ணுமே இல்லையாம். பட்டனை அமுக்குனா, நான் வாய் கொப்புளிச்சுத் துப்பறதுக்குள்ள தொறந்து நிக்குது. வட்டமே இல்லீங்க. சுத்தறதுக்கு நேரமே இல்லை. சத்தமும் இல்லை, சூடும் இல்லை. இவ உக்காந்தா உக்காந்த நிமிசமே உள்ள போயிடறா. என்ற பக்கம் திரும்பறதுக்கு இடையில ஒரு சந்து இல்லீங்க. பாவு மாத்தியாச்சான்னு அதுக்கப்பறம் அவ கேக்கவே இல்லை.

நானாத்தான் பேச்சுக் குடுத்தேன். "வாணி, அந்தப் பழசுல நம்ம கல்யாணப் போட்டோவெல்லாம் இருந்துச்சே"ன்னேன். "அதெல்லாம் பழசுலயே இருக்குது மாமா. புதுசுல எடம் கம்மி. தேவையானதை மட்டும் எடுத்துக்கிட்டேன்"னு திரும்பாமயே சொன்னா. தேவையானதை மட்டும். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலீங்க. மெய்யாலுமே எறங்கலை. ஆனா அவ கவனிச்ச மாதிரி தெரியலை. தட்டை எடுத்துக் கழுவி வெச்சுட்டா.

எங்க ஊருல செல்போன் கடை வெச்சிருக்கறான் ரங்கநாதன்னு, என்ற கூடப் படிச்சவன். அவன்கிட்டப் போயி, "ரங்கா, ஒரு லேப்டாப்பை மறுபடியும் மெதுவாக்க முடியுமாடா?"ன்னு கேட்டேன். அவன் கையில இருந்த டீ சிந்திப்போச்சு. "ஏண்டா மயிலு, எல்லாரும் வேகமாக்கித் தான்னு வருவாங்க, நீ என்னடா மெதுவாக்கித் தாங்கற"ன்னு ஒரே சிரிப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு பழமொழி வேற சொல்றான். அவனுக்கென்ன, அவன் சம்சாரம் இன்னும் பட்டன் போனு வெச்சிருக்கறா. சிரிச்சு முடிச்சுட்டு வெளையாட்டாச் சொன்னான், "மெதுவாக்கறது என்ன, ரேமைப் புடுங்கிப்போடு, ஆனே ஆகாது. பீப்பு பீப்புன்னு கத்திக்கிட்டு கெடக்கும்." நான் சிரிக்கலீங்க. மனசுல போட்டு வெச்சுக்கிட்டேன்.

இதுக்கு நடுவுல அவ விண்டோசையும் தூக்கிப்போட்டுட்டா. வேற ஏதோ ஒண்ணு, லினக்சுன்னு, இனாமாக் கெடைக்குதாம், அதை ஏத்துனா. "இதுலதான் மாமா பழைய மிஷினு நல்லா ஓடும். எல்லாம் தமிழ்லயே வரும், உங்களுக்கும் சுலபமா இருக்கும்"ன்னா. நான் சேவக்கட்டு வீடியோ பாப்பனுங்க, பொழுதுபோகாட்டி. பெரிய திரையில பாக்கலாமேன்னு ஒரு நா அவ பாப்பாவைக் கூட்டியாரப் போனப்ப அதைத் தொறந்தேன். தொறந்தா, முன்னால ரெண்டு பேரு வருது. ஒண்ணு கோகிலவாணி. நல்லா எடுப்பா, பூப்படம் போட்டு. கீழ பொடி எழுத்துல இன்னொண்ணு. விருந்தினர் அமர்வு.

நான் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். மறுக்காப் படிச்சேன். விருந்தினர்னா ஒறம்பரைதானுங்களே? ஊட்டுக்கு வந்து போற ஒறம்பரை. அமர்வுன்னா உக்காருன்னு அர்த்தமாங்க? வந்தியா, உக்காரு. சொம்புல தண்ணி குடுப்பாங்க, குடி. கெளம்பு. அதுதானுங்களே? என்ற பேரை அதுல எங்க தேடுனாலும் காணோம். நான் கட்டுன ஊடுங்க அது, என்ற கரண்டுல சார்ஜு ஏறுது.

வந்ததும் கேட்டேன். கோவமாக் கேக்கலை, சிரிச்ச மாதிரிதான் கேட்டேன். "அது உங்களுக்குத்தான் மாமா வெச்சிருக்கறேன்"ங்கறா. "கடவுச்சொல்லெல்லாம் ஞாபகம் வெக்க வேண்டியதில்லை. உள்ள போயி என்ன வேணுன்னாலும் பாத்துக்கலாம். வெளிய வந்துட்டீங்கன்னா நீங்க செஞ்சதெல்லாம் தானா அழிஞ்சுக்கும். ஒண்ணுமே தங்காது." எனக்கு நல்லது செஞ்ச மாதிரி சொல்றாளுங்க. ஒரு ஆளு உள்ள போயி, இருந்து, வெளிய வந்தா, அவன் வந்த தடமே இருக்காது. தறிச் சத்தத்துல நின்னாத்தான் கொஞ்சம் தைரியமா இருக்குமுன்னு பட்டறைக்கு ஓடிட்டேன்.

போன வாரம் சொன்னா. கோயமுத்தூருல ஒரு கம்பெனியாம். ஊட்டுல இருந்தே வேலையாம், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் மட்டும் நேருல போகோணுமாம். என்னடி வேலைன்னு கேட்டேன். "டெஸ்டிங் மாமா. அவங்க செஞ்சு வெச்ச சாப்ட்வேர்ல எங்கெங்க தப்பு இருக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லோணும்." தப்புக் கண்டுபிடிக்கறதுக்குச் சம்பளமுங்களா? இத்தனை வருசத்துல அவ என்ற தப்பு ஒண்ணைக்கூடக் கண்டுபிடிச்சுச் சொன்னதில்லீங்க. அப்பேர்ப்பட்டவளுக்கு அந்த வேலையைக் குடுக்கறாங்கன்னா, ஒண்ணு அவங்களுக்கு ஆளைத் தெரியலை. இல்லீன்னா எனக்குத் தெரியலை.

இன்னைக்குக் காலையில அதுக்குப் பரீச்சை. கேமராவுக்கு முன்னால உக்காந்து எழுதோணும், நடுவுல எந்திரிக்கப்படாது. "பட்டறைச் சத்தம் கேக்காம கொஞ்சம் பாத்துக்குங்க மாமா"ன்னு நேத்தே சொல்லிவெச்சா. சரின்னேன். நான் எதையுந்தான் தடுக்கறதில்லையே.

விடிஞ்சதும் அவ பாப்பாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தா. லேப்டாப்பு மேசை மேல மூடிக் கெடந்துச்சு. பக்கத்துலயே அந்தத் திருப்புளி. என்ற கை அதை எடுத்ததுதான் எனக்குத் தெரியும். திருப்பிப் போட்டு, பேட்டரியைக் கழட்டிட்டு, அந்தச் சின்னக் கதவைத் தொறந்தேன். உள்ள ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு. மேல இருந்ததோட காதை விலக்குனேன். அவ சொன்ன மாதிரியே படக்குனு எந்திரிச்சுது. இன்னொண்ணையும் எடுக்கலாமுன்னு கையை வெச்சேன், "பாப்பா, ரிப்பன் எங்க"ன்னு அவ சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான், கதவை மூடி பேட்டரியை மாட்டிட்டேன். எடுத்ததைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு, தறிக்குப் பிக்கர் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வெளிய வந்துட்டேன். நல்லபடியா எழுதுன்னு வேற சொன்னேன். "சரிங் மாமா"ன்னா.

நான் ஒண்ணும் உடைக்கலீங்க. ஒரு நாளைக்கு எடுத்து வெச்சிருக்கறேன், அவ்வளவுதான். பரீச்சை நேரம் தாண்டுனதும் போயி மாட்டிருவேன். எல்லாம் பழைய மாதிரி ஆயிரும். அவ நல்லதுக்குந்தான் சொல்றேன், கோயமுத்தூருல ரோடெல்லாம் எத்தனை மோசம். பல்லடம் பஸ்ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். பஸ்ஸு வருது, போகுது, எனக்கு எந்திரிக்கத் தோணலை. இந்நேரம் பட்டனை அமுக்கியிருப்பா, இந்நேரம் பீப்பு பீப்புன்னு கத்தியிருக்கும், அவ மொகம் எப்படி இருக்கும்னு நெனைச்சா வேர்த்து ஊத்துது. திரும்பி ஊட்டுக்குப் போகவும் பயம். உக்காந்திருக்கவும் பயம். அப்பறம் இந்தப் பஸ்ஸு வந்துச்சு, நீங்க பையோட ஜன்னலோரம் தெரிஞ்சீங்க, ஏறிட்டேன்.

இப்பக் கேக்கறேன், சொல்லுங்க. இதா, இதுதான். திருநீத்துக் காயிதத்துல மடிச்சு வெச்சிருக்கறேன், பழனிக்குப் போயிட்டு வந்தது. தொடாதீங்க, பாருங்க. நான் இதை எடுக்கும்போது ஜன்னல் கம்பியைத் தொடலீங்க. அவசரத்துல மறந்துட்டேன். வெறுங்கையிலயே புடுங்கிட்டேன். இது கெட்டுப்போயிருக்குமுங்களா? மறுபடி மாட்டுனா ஓடுமுங்களா? ஓடாமப் போச்சுன்னா அவளுக்குத் தெரிஞ்சு போகும். தெரிஞ்சா அவ என்ன செய்வான்னு எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. மத்தவங்களுக்கெல்லாம் சம்சாரம் கோவிச்சுக்கிட்டா எப்படி இருப்பான்னு தெரியும். எனக்குத் தெரியாது. நான் பாத்ததே இல்லை.

சொல்லுங்க, கெட்டுப்போயிருக்குமா?

இருங்க. போனு அடிக்குது. அவதானுங்க.

எடுக்கட்டுங்களா? எடுக்காட்டி அதுக்கு ஒண்ணு நெனைப்பா. எடுக்கறேன். தறிக்காரனுக்குக் காது மந்தமுங்க, ஸ்பீக்கருல சத்தமா வெச்சுத்தான் பேசுவேன், கோவிச்சுக்காதீங்க.

"ம், சொல்லு வாணி."

"எங்க இருக்கறீங்க மாமா?"

"பஸ்ஸுல. சிங்காநல்லூருக்கு. அதான் சொன்னனே, பிக்கருக்கு."

"சரிங். பரீச்சை முடிஞ்சுது மாமா. நல்லாப் பண்ணியிருக்கறேன். அப்பவே சொல்லிட்டாங்க, அடுத்த வாரம் நேருல வரச் சொல்லி."

"அது... லேப்டாப்பு ஓடுச்சா?"

"ஓடுச்சு. கொஞ்சம் மெதுவா ஓடுச்சு. என்னடான்னு பாத்தா ஒரு ரேமுதான் காட்டுது. ரெண்டு இருந்துச்சுங்களே மாமா, லேப்டாப்போடயே வந்தது ஒண்ணு, நான் வாங்கிப் போட்டது ஒண்ணு. நீங்க அதோட வந்ததை எடுத்துட்டீங்க."

"..."

"மாமா, இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

"அதை வெச்சுக்கிட்டு அலையாதீங்க, வேர்வை பட்டுரும். வரும்போது கொண்டாந்தீங்கன்னா மாட்டிக்கலாம். அவசரமில்லை. அது இல்லாமயும் ஓடுது மாமா."

வெச்சுட்டா.

பாத்தீங்களா? ஒரு வார்த்தை திட்டலீங்க. ஏன் எடுத்தீங்கன்னுகூடக் கேக்கலை. கத்தியிருந்தா நான் இங்கயே எறங்கி எதுக்க வர்ற பஸ்ஸைப் புடிச்சு ஊடு போயி, அவ கையைப் புடிச்சு, ஏதோ ஒண்ணு சொல்லியிருப்பேன். அழுதிருந்தாலும் போயிருப்பேன். பிக்கர் வாங்கப் போறேன்னு சொன்னதுக்கு எப்படிச் சரிங்ன்னாளோ அதே கொரலுதான். அடுத்த வாரம் போறாளாம். சோறு திங்காம இருக்கறதுன்னா, நான் இப்ப இருந்தே ஆரம்பிச்சாலும் அவ பாக்கறதுக்கு ஊட்டுல இருக்கோணுமே.

கண்டக்டரு கத்தறான், சிங்காநல்லூர் வந்துருச்சாட்ட இருக்குது. நீங்க எறங்குங்க, பையைப் பாத்துப் புடிச்சுக்குங்க. நான் எறங்கலை. இது எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் போயிட்டு வர்றேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போங்க. உங்களுக்கும் நல்லாக் கேட்டிருக்குமுங்களே, பக்கத்துலயேதானே உக்காந்திருந்தீங்க. அது இல்லாமயும் ஓடுதுன்னுதானுங்களே சொன்னா? அதுன்னுதானே? நீங்கன்னு சொல்லலீங்களே? எனக்குக் காது சரியாக் கேக்காதுங்க.